சார்ஜ் ஏறாத போனும் மாடி அறையும்

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. நானும் மகளும் சௌக்கியம். வீட்டுக்குள் கழுத்தளவு வெள்ளம் வந்தவர்கள் ஒரு பள்ளிக்கூடத்து ஏழாம் வகுப்பறையில் எவ்வளவு சௌக்கியமாக இருக்க முடியுமோ அவ்வளவு. நீங்களும் அண்ணியும் காய்ந்த தரையில் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் உங்களைவிடப் பக்கத்துப் பாய்க்காரருக்குத்தான் நன்றாகக் கேட்கிறது. அதனால் நிவாரண லாரி டிரைவர் கையில் இந்தக் கடிதம்.

இந்த முகாமில் ஏதோ நடக்கிறது. மாடியில் ஓவிய வகுப்பாக இருந்த அறையில் 'போன் சார்ஜ் செய்யுமிடம், இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்' என்று அட்டை தொங்குகிறது. மின்சாரத்துக்கு வயது வரம்பு உண்டா, நீங்களே சொல்லுங்கள். என் மகள் தினமும் காலையில் போகிறாள், இரண்டு மணி நேரம் கழித்து வருகிறாள். போகும்போது நாற்பது சதவீதம் இருந்த போன், வரும்போது முப்பத்தொன்று. இருபது வருடம் புள்ளியியல் கற்பித்தவள் நான். ஐந்து நாள் குறித்து வைத்தேன், ஒரு நாள்கூட ஏறவில்லை. என்னிடம் 'ம்', 'இல்ல' தவிர எதுவும் பேசாமல் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவைக்கிறவள், அங்கே மட்டும் பேசுகிறாள். ஒட்டுக்கேட்கவில்லை; கதவருகே நின்றேன், கேட்டது. மதம் மாற்றுகிறார்களா, ஆள் சேர்க்கும் வியாபாரமா என்று வாட்ச்மேனை விசாரித்தால், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, ஆனா உள்ள போற பசங்க வெளிய வரும்போது மூஞ்சி கழுவிட்டு வராங்க" என்கிறார். எனக்கு இருந்த தூக்கமும் போயிற்று.

நேற்று நூறு சதவீதம் நிரம்பிய என் போனை எடுத்துக்கொண்டு நானே போனேன். வட்டமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சட்டென்று நடுவிலிருந்த நோட்டை மூடினார்கள். ஒரே ஒரு பிளக், அதிலும் ஃபேன் செருகியிருந்தது. பொறுப்பாளர் முப்பது வயதுப் பெண்.

"ஃபுல்லா இருக்கேம்மா, இதுக்கு மேல எங்க ஏறும்?"

"அது இருக்கட்டும். நீங்க யாரு?"

"மனநல ஆலோசகர்."

"அதை வெளிய எழுதினா என்ன?"

"முதல் நாள் எழுதித்தான் வெச்சோம். பசங்க ஒருத்தரும் வரல. யார் யார் வராங்கன்னு பாக்க அம்மாக்கள்தான் வந்தாங்க."

என் மகள் என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "அதை அவதான் சொல்லணும்" என்றார். மறைக்க ஒன்றுமில்லாதவர் பேசுகிற பேச்சா இது? அதிலும் எனக்குத் தெரியாத ரகசியம் என்ன இருக்கிறது? தான் விரும்புவது ஒரு பெண்ணை என்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சொன்னவள்தானே? அண்ணிக்குப் புரையேறியது, நான், "முதல்ல பரீட்சை முடியட்டும்" என்றேன். நியாயமான பதில் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காரை அனுப்புங்கள். ஒரு மாதம் உங்களோடு இருந்தால் மனசு மாறும் என்று அண்ணி சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் முன்பின் தெரியாதவரிடம் பேசுவதற்கு, அங்கே பேசாமல் இருப்பது மேல்.

அண்ணிக்கு என் அன்பு. எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அவளை மூட்டை கட்டச் சொன்னேன். ஜென்மத்தில் துணி மடிக்காதவள், மறுபேச்சில்லாமல் ஓரம் பார்த்து மடித்தாள். "அந்த ரூம்ல என்னதான்டி பண்றீங்க?" என்றேன். "தேடிட்டு இருந்தோம்மா" என்றாள். வெள்ளத்தன்று முதல், இவள் விரும்பும் அந்தப் பெண்ணைக் காணோமாம். காணாமல் போனவர் படிவத்தில் 'உறவுமுறை' என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லாமல், மூன்று தடவை மேசை வரை போய்த் திரும்பியிருக்கிறாள். இவளைப் போன்ற பிள்ளைகளும் ஆலோசகரும் சேர்ந்து இவள் போனிலேயே முகாம் முகாமாக அழைத்து, இன்று காலை கண்டுபிடித்தார்களாம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து முகாமில், காலில் கட்டோடு இருக்கிறாள். "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "பரீட்சை இன்னும் முடியலையேம்மா" என்றாள்.

காரை நாளைக்கே அனுப்புங்கள். உங்கள் வீட்டுக்கு வர அல்ல, அந்த முகாமுக்குப் போக. வாசலில் என்ன உறவு என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவார்களாம். எங்கள் வீட்டுப் பெண் என்று நான் எழுதுகிறேன். யார் சந்தேகப்படுகிறார்கள், பார்த்துக்கொள்ளலாம்.