பெண் வீட்டார் முன்னால் என் டிராக்டர்

டயர் வாங்கும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. இதை என் பெண்டாட்டி வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் நானே நிரூபித்திருக்கிறேன். அன்றைக்கு அவள் இன்னும் என் பெண்டாட்டி ஆகியிருக்கவில்லை. ஆகாமலே போயிருப்பாள்.

குன்னத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டம். அதற்குள்ளேயே சின்னதாக ஒரு பனியன் யூனிட். டிராக்டருக்கு டயர் மாற்றப் போனபோது கடைக்காரர், "காட்டுக்குங்களா, ரோட்டுக்குங்களா?" என்று கேட்டார்.

"காட்டுல உழவு ஓட்ட நமக்கு ஏதுங்க நேரம்? நாங்க எக்ஸ்போர்ட்டுங்க" என்றேன். (வேறொரு கம்பெனிக்குக் காலர் தைத்துக் கொடுப்பதுதான் அந்த எக்ஸ்போர்ட்.) பெரிய பல் வைத்த டயரை ஒதுக்கிவிட்டு, வழவழவென்று பார்க்க லட்சணமாக இருந்ததை மாட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மழைக்கே, வீட்டுக்குப் போகும் இட்டேரியில், இருபுறமும் வேலி வைத்த அந்த மண்பாதைச் சேற்றில், அது நின்ற இடத்திலேயே சுற்றியது. ஞாயிற்றுக்கிழமையோ மூலனூரிலிருந்து பெண் வீட்டார் எங்கள் வீடு பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால்தான் கல்யாணம். எனக்குப் பெண்ணை, சிந்துவை, ஏற்கெனவே ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

கார் புதைந்தால் இழுக்க வேண்டுமே என்று போனில் தேடினேன். வெளிநாட்டில் ஒருவர் டிராக்டர் டயரில் சங்கிலி சுற்றிக்கொண்டு, வாசலில் குவிந்த பனியை அநாயாசமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். பனிக்கு நிற்பது சேற்றுக்கு நிற்காதா? கிணற்று மோட்டார் தூக்கும் சங்கிலியை எடுத்துப் பின் டயர்களில் சுற்றினேன்.

"ஏண்டா, வேண்டாத வேல இது" என்றார் அப்பா.

"சும்மா இருங்கப்பா, அமெரிக்காவுலயே இப்படித்தான்."

அதோடு விட்டேனா? கார் வழுக்கக் கூடாதென்று, கட்டிங்கில் மிஞ்சிய ரோஸ் கலர் பனியன் துணியை நீள நீளமாகப் பாதை நெடுக விரித்தும் வைத்தேன்.

கார் வந்தது. சொல்லிவைத்த மாதிரி வேலியோரம் புதைந்தது. நான் வெள்ளை வேட்டியில் ராஜா மாதிரி டிராக்டரைக் கிளப்பினேன். சங்கிலி பிடித்தது, மண்ணை அல்ல, துணியை. பனியன் துணி லேசில் கிழியாது, இழுபடும். எங்கள் தொழிலுக்கே அதுதான் பெருமை. அது சக்கரத்தில் சுருண்டுகொண்டே வர, நானோ "அடடா, என்ன பிடிமானம்!" என்று மேலும் முறுக்கினேன்.

காருக்கு எதிரே போனபோது இரண்டு சக்கரமும் ரோஸ் கலரில் உப்பி, அச்செல்லாம் இறுகி, வண்டி அணைந்தே போனது. குதித்தேன். முழங்கால் வரை சேறு.

சிந்துவின் அப்பா கண்ணாடியை இறக்கி நிதானமாகப் பார்த்தார். "ஏனுங் தம்பி, வண்டிக்குக் குளுருதுங்களா? பனியன் போட்டு உட்டிருக்கறீங்க?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு. தானும் வீடு பார்க்க வேண்டுமென்று கூடவே வந்திருந்த சிந்து காரிலிருந்து இறங்கினாள். யூனிட்டிலிருந்து கத்திரிக்கோல் வாங்கிவரச் சொல்லி, சேற்றில் நின்று துணியை வெட்ட ஆரம்பித்தாள். வெட்டியதைவிடச் சிரித்ததுதான் அதிகம்.

ஒருவழியாக வீடு சேர்ந்து காபி குடிக்கும்போது அவள் அப்பா கேட்டார்: "என்ன கண்ணு சொல்ற?"

"இவரு மானம் பூரா வழியிலயே போயிருச்சுங்கப்பா. இனி மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. பேசி முடிச்சுருங்க."

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. மேகம் கறுத்தால் போதும், மாமனார் போன் செய்துவிடுவார். "மழ வர்ற மாதிரி இருக்குது கண்ணு. மாப்ள வண்டிக்குப் பனியன் போட்டுட்டாரா?"

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். சிந்து முகம் மாறாமல் சொல்வாள்: "இன்னும் இல்லீங்கப்பா. சைஸ் தேடிட்டு இருக்கறாரு."