யாரையும் நேராக நிற்க விடாத வளைவு பாய்

கள்ளக்குறிச்சியில் யாரையும் நேராக நிற்க விடாத ஒரே மனிதர் வளைவு பாய்தான். ஸ்டுடியோக்காரர். பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போனவர்கள்கூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

எல்லாம் திருக்கோவிலூர் கோயில் சிலைகளைப் படம் எடுக்கப் போனதில் வந்த வினை. கழுத்தில் ஒரு வளைவு, இடுப்பில் ஒன்று, முழங்காலில் ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் நிற்பவன் மனுஷனே இல்லை, கரண்டுக் கம்பம் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரு புது மாப்பிள்ளையிடம் போனில், "கல்வராயன் மலைல எடுத்துரலாம், மூணு வளைவுல நில்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். பாவம், அந்த ஆள் மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் பட்டுவேட்டியும் பெண்டாட்டியுமாக மதியம்வரை நின்றார். பாய் மேலே காத்திருந்தார்.

எங்கள் ஆபீஸ் டூருக்கும் அவரைத்தான் கூட்டிப்போனோம். மலைமேல் படகுக் குளத்தில் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. அன்னம் போல் செய்த மிதிபடகு ஒன்று மூக்கு உடைந்து சேற்றில் சாய்ந்து கிடந்தது. மேனேஜர் முகம் தொங்கிப்போனது.

"இன்னா பாய், இதையா எடுக்கப் போறீங்க?"

"மூக்கு முழுசா இருக்கிற பழைய சிலைய எங்க சார் பாத்தீங்க? இதான் சார் அழகு."

சொன்னதோடு நிற்காமல், அன்னத்தின் கழுத்துச் சேற்றைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார்.

பிறகு எங்களை வரிசையில் நிற்கச் சொன்னார். என் இடது கால் கொஞ்சம் குட்டை. பள்ளிக்கூடம் தொட்டு எந்தப் படத்திலும் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருப்பேன், கல்யாண ஆல்பத்தில்கூட. அங்கே நாற்காலி இல்லை. பையை எடுத்து வருவதாகச் சொல்லி நழுவினேன்.

"எங்க மேடம் போய்க்கினு இருக்கீங்க? வந்து நில்லுங்க."

நின்றேன். குட்டைக் காலை ஊன்றினால் இடுப்பு அந்தப் பக்கம் இறங்கும், மற்ற முழங்கால் மடங்கும், தலை எதிர்ப்பக்கம் சாயும். பாய் கேமராவை இறக்கிவிட்டு என்னையே பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எல்லாரும் இந்த மேடத்தைப் பாருங்க. எத்தினி வருசமா தொண்டத்தண்ணி வத்தக் கத்திக்கினு இருக்கேன். இவங்க ஒருத்தங்கதான் சரியா நிக்கிறாங்க."

மேனேஜர் முதல் டிரைவர் வரை என்னைப் போல் நிற்கப் பார்த்துத் தள்ளாடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டார்.

நான் நின்றுகொண்டிருக்கும் முதல் படம் அது. பாய் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் கேட்டதில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும், அந்த மனிதர் என்றால் எனக்கு உயிர்.