ஆயுள் நிர்ணயம்: நூற்றொரு வருஷம்

ஆவுடையார்கோவிலில் கல்லைக் குடைந்து கொடுங்கை என்னும் வளைந்த கூரை விளிம்பு செய்த சிற்பிகள் பெரிய ஆட்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தாங்கள் கட்டியது எத்தனை வருஷம் நிற்கும் என்று பாவம் அவர்களுக்குத் தெரியாது. ஒரு சர்டிபிகேட்கூட இல்லாமல் செத்துப்போனார்கள். மனித குலத்தின் இந்தக் குறையை ஐம்பத்தெட்டாம் வருஷம் மணமேல்குடியில் வைத்துத் தீர்த்தவர் ஓவர்சியர் சிவசாமி. கேளுங்கள் கண்ணுகளா, கேட்டால் புண்ணியம்.

அங்கே புதிதாக ஒரு பிரசவ விடுதி கட்டி முடித்திருந்தார்கள். உடனே மேலிடத்து உத்தரவு வந்தது: "மேற்படி கட்டிடத்தின் கான்கிரீட் கூரை எத்தனை வருஷம் தாங்கும் என்பதை விஞ்ஞான முறைப்படி நிர்ணயித்துத் தெரிவிக்கவும்."

சிவசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கூரைக்கு மணல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். கூப்பிடு தூரத்தில் கடற்கரை இருக்கும்போது காண்டிராக்டர் உடையப்பன் வண்டி கட்டிக்கொண்டு வெள்ளாற்றுக்கா போவார்?

"கடல் மணல்ல உப்பு இருக்குண்ணே," என்றார் சிவசாமி அவரிடம். "உள்ள இருக்க கம்பி துருப்புடிச்சு வீங்கும். கூரை வெடிச்சுப் போகும்."

"ஏந் தம்பி, கடலு எத்தன லட்ச வருஷமாக் கெடக்கு? அதோட மணலுக்கு மட்டும் ஆயுசு கொறஞ்சா போகும்?"

இந்த வாதத்துக்கு எந்த எஞ்சினியரிங் புத்தகத்திலும் மறுப்பு கிடையாது. பெயரில்தான் 'உடை' இருந்தது, ஆள் உடையாதவர். கம்பி வைக்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் கம்பி நீட்டியவர். மீதியைப் பூசி மெழுகியிருந்தார்.

விஞ்ஞான முறை என்பது இதுதான். கூரைக்குப் போட்ட அதே கலவையில் ஒரு கட்டி வார்த்து, நாலு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு, திருச்சிக்கு அனுப்ப வேண்டும். அங்கே யந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். கட்டியின் பலம்தான் கூரையின் ஆயுள்.

உடையப்பன் 'அதே கலவை'யில் சிறு திருத்தம் செய்தார். சலித்த ஆற்று மணல். கழுவித் துடைத்த ஜல்லி. சிமெண்டு இரண்டு பங்கு. ஊறப்போடக் குடிதண்ணீர் குடத்தில் வந்தது. பிறகு கட்டியைத் துடைத்து, வைக்கோல் சுற்றி, ரயிலேற்றினார். வண்டி நகரும்போது அவர் கண் கலங்கியது. கூரைக்காக ஒரு நாளும் கலங்காத கண்!

திருச்சி யந்திரத்துக்கு வேர்த்துவிட்டது. கட்டி அமோகமாகத் தேறியது.

அடுத்து, 'ஆயுள் நிர்ணயக் கூட்டம்.' தலைமை, எஞ்சினியர் ஐயா.

"சிவசாமி, எவ்வளவு போடலாம்?"

"நாப்பது போடலாமுங்க..."

"ஏன்யா, பக்கத்து பிர்க்கா மாட்டாஸ்பத்திரிக்கே எம்பது குடுத்திருக்காங்க. மனுஷ ஆஸ்பத்திரி மாட்டுக்குக் கீழ போறதா?"

"அப்ப தொண்ணூறுங்க."

"தொண்ணூறு வரைக்கும் வந்துட்டுப் பத்துக்கு என்னய்யா கஞ்சத்தனம்?"

"சரிங்க, நூறு."

"நூறா? மொய் எழுதுறவன்கூட முழுசா எழுத மாட்டான்யா. ஒண்ணு சேத்துப் போடு!"

நூற்றொரு வருஷம். அந்தக் கடைசி ஒரு வருஷம், மேல்நாட்டு விஞ்ஞானிகளுக்கு எட்டாத மங்கலம். சிவசாமி கையெழுத்துப் போட்டார்.

திறப்பு விழாவுக்குத் தேதி கிடைக்க ஒரு மழைக்காலம் கழிந்தது. அதற்குள் ஆயா ஜொஹரா பீவிக்குத் தினமும் வேலை வந்துவிட்டது, கட்டில் மேலிருந்து காரைத்தூள் அள்ளுவது.

"ஓவர்சியரையா, கூரை உதிருதுங்களே. செவப்பாக் கோடு வேற ஓடுது."

"உதிரலம்மா. அது... பக்குவப்படுது."

"நூத்தியோரு வருஷமும் பக்குவப்படுமுங்களா? வெளக்கமாறு கூடுதலா வாங்கணும், அதுக்குக் கேட்டேன்."

திறப்பு விழாவில் எஞ்சினியர் ஐயா மைக்கைப் பிடித்தார். "இந்தக் கூரையின் ஆயுளைக் கணித்தவர் நம் ஓவர்சியர். அவர் மனைவி உண்ணாமலை நிறைமாதம். முதல் பிரசவம் அவருடையதாக இருப்பதே பொருத்தம்! முதல் கட்டில் அவருக்கே!"

கைதட்டலில் கூரையிலிருந்து கொஞ்சம் பக்குவம் உதிர்ந்தது.

"தலைப்பிரசவமுங்க," என்றார் சிவசாமி. "தாய் வீட்டுலதான் வழக்கம்."

கூட்டத்திலிருந்து மாமியார் பிரகதாம்பாள் எழுந்தாள். "ரெண்டு தெரு தள்ளி இருக்க வீட்டுக்கு என்ன மாப்பிள வழக்கம்? அதுவும் கீத்துக் கூரை. மழை பேஞ்சா நாங்களே அங்கிட்டும் இங்கிட்டும் நகந்து படுக்குறோம். நீங்க நூத்தியோரு வருஷம் எழுதிக் குடுத்த எடம் இருக்கையில, எம் மக ஒழுகுற வீட்டுலயா பெக்கணும்?"

மறுபடியும் கைதட்டல். சிவசாமி அண்ணாந்து கூரையைப் பார்த்தார். முதல் கட்டிலுக்கு நேர் மேலே சிவப்புக் கோடு கட்டைவிரல் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது.

அந்த வாரமே உண்ணாமலைக்கு வலி கண்டது. வண்டி வந்து நின்றபோது, எஞ்சினியர் ஐயா மாலையோடு காத்திருந்தார். வாசல் சுவரோரம் மீன்பிடிக்கிற ராக்கனின் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் வலிதான். ஆனால் முதல் கட்டிலும் முதல் பிரசவமும் ஓவர்சியர் வீட்டுக்கு என்பதால் வெளியே வைத்திருந்தார்கள்.

சிவசாமி வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"உள்ள வேணாம் அத்தே!"

"தள்ளுங்க மாப்பிள, புள்ள துடிக்கிறா!"

"உப்பு! கூரை முழுக்க உப்பு! கடல் மணல்! விழுந்துரும்!"

பிரகதாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறீங்களான்னு கேக்க வந்தேன். அம்புட்டையும் கூரையில போட்டுட்டீங்களே மாப்பிள!"

அத்தனை வலியிலும் உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி திரும்பி, கீற்றுக் கூரையைப் பார்த்து ஓடியது.

எஞ்சினியர் ஐயா பதறவில்லை. பெரிய மனிதர்கள் பதறுவதில்லை. "அதனால என்ன? தாய் வீட்டு வழக்கம்னு ரிப்போர்ட்டுல எழுதிக்கலாம். ஆயா, அந்த ராக்கன் பெண்டாட்டியக் கூட்டிட்டுப் போய் முதல் கட்டில்ல படுக்க வை. யார் பெத்தாலும் முதல் பிரசவந்தானே!"

விரித்த கைகளைச் சிவசாமி மெல்ல இறக்கினார். மரியாதையாக ஒதுங்கி வழியும் விட்டார்.

ஜொஹரா பீவி அந்தப் பெண்ணைத் தோளில் தாங்கியபடி வாசல்படி வரை வந்தாள். உள்ளே கால் வைக்காமல் அவரையே பார்த்தாள்.

"கூரைக்கு நூத்தியொண்ணு போட்டீங்க. ஒங்க வீட்டம்மாவத் திருப்பி அனுப்பிட்டீங்க. இவளுக்கு எத்தன வருஷம் போட்டிருக்கீங்க, ஓவர்சியரையா?"