ஐந்து வீதக் கர்ப்பம்

நாற்பத்தாறு வயதில் தோட்டத்து ஆபிசுக்குப் போய்ப் பிரசவ லீவு கேட்ட முதல் பெண் பெற்றீசியாதான். நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளை இருபத்திரண்டு வருசமாகப் பார்த்துக்கொள்பவள். சொந்தமாக ஒன்றும் தங்கவில்லை. கடைசியில் அவளும் புருஷன் கஸ்பரும் கொழும்புக்குப் போய் டெஸ்ட் டியூப் வைத்தியம் செய்துகொண்டார்கள். மூன்று தடவை கலைந்துபோனது. நாலாவது தடவை நின்றது.

ஆபிசில் பெரிய கிளாக்கர் யோகேஸ்வரன் விதிமுறை தவறாத மனிதர். மழை பிடித்தால்கூடச் சுற்றறிக்கை வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடையை விரிப்பார். பெற்றீசியாவின் ஏழு மாத வயிற்றை அவர் பார்க்கவில்லை. அவள் நீட்டிய வைத்தியக் கோப்பைப் பார்த்தார். சிகிச்சைக்கு முன்பே டாக்டர் அதில் ஒளிக்காமல் எழுதியிருந்தார்: இந்த வயதில், சொந்தக் கருமுட்டையில், நூற்றுக்கு ஐந்து பேருக்குப் பலித்தாலே அதிகம்.

யோகேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப நீங்க அஞ்சு வீதந்தான் கர்ப்பம்.”

“ஐயா, புள்ள உள்ள ஒதைக்குதுங்க.”

“ஒதைக்கட்டும். அஞ்சு வீதத்த ஆபிஸ் ஒத்துக்குதே.”

எண்பத்துநாலு நாள் லீவில் ஐந்து வீதம் என்றால் நாலு நாளும் சொச்சமும். சொச்சத்தைப் பெருந்தன்மையோடு அரை நாளாக உயர்த்தி, ‘மேற்படி விண்ணப்பதாரியின் கர்ப்பம் அதன் நிகழ்தகவுக்கு அமைவாக இத்தால் அங்கீகரிக்கப்படுகிறது’ என்று எழுதி சீல் குத்தினார்.

அன்றைக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயமே சிரித்தது. பக்கத்து வீட்டு வீரம்மா பைப்படியில் நின்று கிளாக்கரைப் போலவே பேசிக் காட்டினாள். பெற்றீசியாவும் சிரித்தாள். ஆனால் பிள்ளைக்காம்பராவுக்கு ஏறும் செங்குத்துப் படியை நினைத்ததும் வயிற்றில் கை போனது. மூன்றைப் பறிகொடுத்தவள். படியேறக் கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மறுநாள் திரும்பவும் போனாள்.

“ஐயா, அது வைத்தியத்துக்குப் போறதுக்கு முந்தின கணக்குங்க. இப்பதான் நின்னுருச்சே.”

யோகேஸ்வரன் சுற்றறிக்கைக் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். நியாயம் இருப்பதுபோல் தெரிந்ததால் தாமாக முடிவெடுக்கப் பயந்து, மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். பெற்றீசியா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேலை போனாலும் போகட்டும் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். பத்து வாரம் கழித்து வந்த பதில், குழந்தையை நேரில் ஆஜர்படுத்தினால் கர்ப்பம் குறித்துப் பரிசீலிக்கலாம் என்றது.

அதற்குள் குழந்தை மெரினா பிறந்து பதினெட்டு நாளாகியிருந்தது. ஆஜர்படுத்தினார்கள். கிளாக்கரின் விரலை அது இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவர் முகம் முதல்தடவையாக இளகியது. முழு லீவையும் அனுமதித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். விண்ணப்பித்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர் என்று கணக்குப் பார்த்து, ‘மூத்த தாய்மாருக்கான சிகிச்சை: எமது தோட்டத்தில் வெற்றி நூறு வீதம்’ என்று அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றீசியாவின் வாசலில் பதினோரு பேர். ராகலையிலிருந்துகூட ஒருத்தி பஸ் ஏறி வந்திருந்தாள். முதல் ஆளாக வீரம்மா, வயது ஐம்பத்திரண்டு. எந்தக் கிழமை போனாய், என்ன நிறச் சேலை கட்டினாய் என்று கேட்டார்கள். பெற்றீசியா பொறுமையாகக் கலைந்த மூன்றையும் சொன்னாள், டாக்டர் எழுதிய ஐந்தையும் சொன்னாள்.

“அதெல்லாம் கெடக்கட்டும்,” என்றாள் வீரம்மா. “பெத்தத மட்டும் சொல்லு.”

அவர்களை அனுப்பிவிட்டு உள்ளே வந்தாள். கஸ்பர் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

“நூறு வீதமாமே,” என்றான். “இன்னொன்னுக்கும் போவமா?”

மூன்று தடவை கூடவே இருந்து அழுதவன்தானே நீ என்று கேட்டாள்.

“அது கொழும்புல நடந்தது புள்ள. தோட்டத்துக் கணக்குல வராது.”