வருதா, வருதாவ

டி.வி. ஆன்டெனாவைத் திருப்ப இரண்டு பேர் வேண்டும். மேலே நின்று "வருதா?" என்று கேட்க ஒருவர், கீழே பெட்டியைப் பார்த்தபடி "வரல... வரல... ஆங், வருது!" என்று கத்த ஒருவர். தனியாக வாழ்கிறவன் தானே ஏறித் திருப்பி, தானே இறங்கிப் பார்த்து, மறுபடி ஏற வேண்டும். 1990இல் நான் அப்படி ஏறி இறங்கியே இளைத்தவன். (இப்போது என்னைப் பார்ப்பவர்கள் நம்புவதில்லை.)

நான் கும்பகோணத்துக்காரன். ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையை அகலப்படுத்திய ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மேற்பார்வையாளனாகச் சேர்ந்திருந்தேன். அவர் எங்கோ ஏலத்தில் எடுத்த பழைய கேரவன் ஒன்றை மடவார் வளாகம் கோயிலுக்கு அப்பால் ஒரு கண்மாய்க் கரையில் நிறுத்தி, "இதுதான் உன் குவார்ட்டர்ஸ்" என்றார். பெரிய சக்கரம் இரண்டு, முன்னால் குட்டிச் சக்கரம் ஒன்று, உள்ளே ஒரு கட்டில். வண்டி நகராமலிருக்க மூன்றுக்கும் கல் முட்டுக் கொடுத்திருந்தது. ஊரார் அதைச் சர்க்கஸ் வண்டி என்றார்கள். முதல் வாரம் "சிங்கம் எப்ப சார் வருது?" என்று கேட்டார்கள். பிறகு அதைக் கேட்கவும் ஆளில்லை.

சாயங்காலம் வேலையாட்கள் போய்விட்டால் நானும் கண்மாயும்தான். கொண்டுபோன புத்தகங்களை இரண்டு தடவை படித்து முடித்தேன். பிறகுதான் லாரி பேட்டரியில் ஓடும் ஒரு குட்டிக் கறுப்பு வெள்ளை டி.வி. வாங்கினேன். அதில் எந்நேரமும் பனி பெய்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து செய்தி வாசிப்பவர் "வணக்கம்" என்பார். நானும் எழுந்து உட்கார்ந்து "வணக்கம்" என்பேன். சில நாட்களில் என்னிடம் வணக்கம் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அந்த ஐப்பசியில் என் அக்கா ஒரு தரகரைப் பிடித்துத் தளவாய்புரத்தில் பெண் பார்த்தாள். பெண் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. தரகர் முன்கூட்டியே வந்து எச்சரித்தார்:

"தம்பி, குவார்ட்டர்ஸ்னு சொல்லிட்டேன், சக்கரம் இருக்குன்னு சொல்லல. டி.வி. இருக்குன்னும் சொல்லிட்டேன். பொண்ணோட அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமைப் படம் முக்கியம். படம் மட்டும் பளிச்சுனு தெரிஞ்சுட்டா மத்ததை நான் பேசிக்கிடுதேன்."

பேச ஒரு ஆள் கிடைக்கப் போகிறது, வாழ்நாள் முழுக்க! நடுவில் நிற்பது வெறும் பனி. ஞாயிறு மத்தியானம் கூரையில் ஏறி ஆன்டெனாவை வடக்கே, கோடைக்கானல் பக்கம் திருப்பப் பார்த்தேன். ஐப்பசி மழையில் துருப்பிடித்து இறுகிய குழாய் அன்று பார்த்து அசைய மறுத்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது: ஆன்டெனா திரும்பாவிட்டால் என்ன, வீட்டைத் திருப்பலாமே!

சாலையின் எதிர்ப்புறத்தில் பகலில் மட்டும் டீக்கடை போட்டிருந்த மைதீன் பாயையும், டீ குடித்துக்கொண்டிருந்த இருவரையும் அழைத்தேன்.

"வீட்டையா சார் திருப்பணும்?" என்றார் பாய்.

"கொஞ்சூண்டுதான் பாய், திருப்பிக்கிடுவோம்." (அவர்கள் ஊர்ப் பேச்சு எனக்கு வந்துவிட்டதாக அப்போது நினைப்பு.)

கற்களை எடுத்தார்கள். இருவர் முன்கம்பியைப் பிடித்து வண்டியைத் திருப்ப, பாய் வாசலுக்கு வெளியே நின்று பெட்டியைப் பார்க்க, நான் கூரைமேல் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"வருதா?"

"வரல சார்! புள்ளி புள்ளியா கெடக்கு!"

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க... வருதா?"

திடீரென்று பாயின் குரல் உற்சாகமாக எழுந்தது. "வருதாவ சார், வருதாவ!"

அந்தக் கடைசி 'வ'வை மரியாதைக்காகச் சேர்த்தது என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்படியே விடுங்க! எல்லாரும் கையை எடுங்க!" என்று ஆணையிட்டேன்.

எடுத்துவிட்டார்கள்.

'வருதாவ' என்றால் அந்த ஊரில் 'அவர்கள் வருகிறார்கள்' என்று பொருள். சாலையில் பெண் வீட்டாரின் கார் வந்துகொண்டிருந்ததைக் கூரையிலிருந்து நானும் அப்போதுதான் பார்த்தேன். அதை நெடுநேரம் பார்க்க முடியவில்லை. வீடு என்னையும் சுமந்துகொண்டு கரையை விட்டுக் கண்மாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

முழங்கால் ஆழச் சேற்றில் போய் நின்றது. கரையில் பேச்சுக் கேட்டது.

"வீடு பாக்க வந்தோம். வீடு எங்க?" என்றார் பெண்ணின் அப்பா.

"அந்தா நிக்கி," என்றார் பாய்.

"மாப்ளை?"

"மேல நிக்காவ."

பெண்ணின் அம்மா மட்டும் நிதானமாகக் கேட்டார்: "படம் தெரியுதாமா?"

அவர் கணவருக்கு அதில் அக்கறை இல்லை. "ஓடுத வீட்டுக்குப் பொண்ணு குடுக்க ஏலாதுய்யா" என்று தரகரிடம் சொல்லிவிட்டு, பாய் கடையில் டீ குடித்துவிட்டுக் காரில் ஏறினார்.

இருட்டுவதற்குள் பாயும் கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். நான் கூரையிலிருந்து சேற்றில் இறங்கி, ஓட்டத்தில் சாத்திக்கொண்டிருந்த கதவைத் திறந்தேன். கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் டி.வி. விழாமல் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஓடிய ஓட்டத்தில் ஆன்டெனா தானாகவே கோடைக்கானலைக் கண்டுபிடித்துவிட்டிருந்தது. ஒரு புள்ளி இல்லை. கதாநாயகியின் மூக்குத்தி மினுங்கியது. "வருது!" என்று நான்தான் சொன்னேன். கேட்டவர் யாருமில்லை. படம் முடிந்து செய்தியில் "வணக்கம்" என்றார்கள். சாய்ந்திருந்த கட்டிலில் காலை ஊன்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு நானும் வணக்கம் சொன்னேன்.

அதன்பின் எனக்குக் கல்யாணமாக நான்கு வருடம் ஆயிற்று. என் மனைவி தஞ்சாவூர்க்காரி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தமிழில் அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். இன்றைக்கும் விருந்தாளிகள் தெருமுனையில் தென்பட்டால் வாசலிலிருந்து குரல் கொடுக்கிறாள்:

"வருதாவ! வீட்டைப் பிடிச்சுக்குங்க!"