தரை தொடாத பந்து

பத்திரப்படுத்துகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. புதுப் பொருள் கைக்கு வந்தால் நீங்களும் நானும் உறையைப் பிரிப்போம். இவர்கள் அந்த உறைக்கு ஓர் உறை தேடுவார்கள். பார்த்ததில்லையா? அப்படியானால் 1994-இல் கோவையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்த திருமலைசாமியைப் பாருங்கள்.

அந்த வருடம் தலைமையாசிரியை கிருபாவதி, சாஃப்ட்பால் அணிக்கென்று காந்திபுரத்தில் ஆறு பந்துகளும் ஒன்பது கிளவுஸ்களும் வாங்கிக் கொடுத்தார். திருமலைசாமி ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தார், பாலித்தீன் உறைக்குள்ளேயே திரும்பப் போட்டார், பீரோவில் அடுக்கினார், பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார், சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பிறகு பயிற்சி ஆரம்பமானது.

முதல் பாடம், தரையோடு உருண்டு வரும் பந்தைக் குனிந்து அள்ளி, அடித்தவள் ஓடிச் சேர்வதற்குள் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிவது. இதில் ஒரே ஒரு சிக்கல். பந்து தரையைத் தொட வேண்டும். தரையோ செம்மண், பந்தோ பால் வெள்ளை. பெற்ற மனம் கேட்குமா?

ஆகவே பந்தில்லாமலே சொல்லிக்கொடுத்தார். “முட்டிய மடக்கு! கண்ணு பந்து மேல! வருது பாரு!” என்று அவர் கத்த, ஒன்பது பெண்களும் குனிந்து காற்றை அள்ளி, காற்றை எறிந்து, காற்றையே பிடித்தார்கள். மூன்று மாதத்தில் ஒரு பந்துகூடத் தவறவில்லை.

இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் பிரவீனாவுக்கு மட்டும் சந்தேகம். “ஏனுங்க சார், பந்து எப்பங்க வரும்?”

“வந்து போயிருச்சு கண்ணு. நீதான் உட்டுப்போட்டே.”

வெள்ளிக்கிழமைகளில் ஒரே ஒரு பந்து வெளியே வரும். ஆரத்தித் தட்டு மாதிரி கைக்குக் கை மாறும். யாராவது தவறவிட்டால் மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். “மொதல்ல தொடச்சுரு! மத்ததெல்லாம் அப்பறம்!”

கிருபாவதி ஒருநாள் வந்து நின்று, காற்றை அள்ளும் பயிற்சியைக் கடைசி வரை பார்த்தார். “சார், மொத மேட்ச்லயே தோத்துட்டீங்கன்னா சாமானத்தையெல்லாம் நம்ம ஆனைமலை ஸ்கூலுக்குக் குடுத்துருவேனுங்க. அங்க புள்ளைங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க.”

திருமலைசாமியின் கை அரைஞாண் சாவிக்குப் போனது. தோற்பதைப் பற்றிக் கவலையில்லை. பந்துகள் ஆனைமலைச் சேற்றில் புரளுமே!

மேட்ச் அந்தியூர் அணியோடு. தலைமையாசிரியை பக்கத்திலேயே நின்றதால் கிளவுஸ்கள் வேறு வழியின்றி உறையை விட்டு வந்தன. கடைசி இன்னிங்ஸ், நம் பெண்கள் ஒரு ரன் முன்னால், இன்னும் ஒரு அவுட் போதும். செகண்ட் பேஸில் எதிரணிப் பெண் ஒருத்தி ஓடத் தயாராக நிற்கிறாள். அடித்த பந்து உருண்டு, நேராகப் பிரவீனாவிடம் வந்தது. முட்டி மடங்கியது. கண் பந்து மேல். அள்ளிவிட்டாள்!

பந்தைப் பார்த்தாள். அதில் செம்மண். சட்டை நுனியை இழுத்து நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

‘என்ன வளர்ப்பு!’ என்று திருமலைசாமியின் நெஞ்சு இரண்டு விநாடி விம்மியது. மூன்றாவது விநாடியில் விளங்கிவிட்டது. “எறி கண்ணு, எறி!” என்று அலறினார். அதற்குள் செகண்ட் பேஸில் நின்றவள், அடித்தவள் என்று அந்தியூர்ப் பெண்கள் இரண்டு பேரும் சுற்றி ஓடி வந்து, இரண்டு ரன் சேர்த்து ஜெயித்துவிட்டார்கள்.

“சுத்தமாத் தொடச்சுப்போட்டேனுங்க சார்,” என்றாள் பிரவீனா.

திங்கட்கிழமை சாமான்களை வாங்கிப்போக ஆனைமலைப் பள்ளியிலிருந்து பிரகாசம் மாஸ்டர் வந்தார். பீரோ திறந்தது. மனிதர் மைதானத்திலேயே உறைகளைச் சரக் சரக்கென்று கிழித்து, ஒரு பந்தைச் செம்மண்ணில் போட்டு உருட்டி, மட்டையால் ஓங்கி அடித்தார். பிரவீனா பாய்ந்து அள்ளி எறிந்தாள். இன்னொன்று. அதையும் எறிந்தாள். “புள்ள பிரமாதமா எடுக்குதுங்களே சார்! இதையா வெச்சுட்டுத் தோத்தீங்க?”

திருமலைசாமி குனிந்து, முட்டியை மடக்கி, கிழிந்த பாலித்தீன் உறைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மண்ணைத் துடைத்து, மடித்து, பீரோவில் வைத்துப் பூட்டினார். “இதாவது மிஞ்சுச்சே.”

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்கள் கல்யாணத்துக்கு வந்த பூப்போட்ட பீங்கான் கப்புகள் கண்ணாடி அலமாரியில் அட்டைப்பெட்டியோடு இருக்கின்றனவே, ‘விருந்தாளி வந்தால் எடுக்கணும்’ என்று? போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். நசுங்கின எவர்சில்வர் டம்ளரில்தான் காப்பி கொடுத்தீர்கள்.