இரண்டாம் மதிப்பீட்டாளரின் கேள்விகள்

“‘சிற்றுண்டி வழங்கப்பட்டது’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சிற்றுண்டி? சூடாகவா, ஆறியா? யார் கொடுத்தார்கள்?”

தைபேயிலிருந்த ஆய்விதழ் அலுவலகம் அனுப்பிய இரண்டாம் சுற்றுக் கேள்வியைப் படித்துவிட்டு யூவென் நெற்றியை மேசைமேல் சாய்த்தாள். முதியவர்கள் தடுக்கி விழாமல் காக்கும் திட்டங்களைப் பற்றி உலகில் வந்த ஆய்வுகளையெல்லாம் சலித்தெடுத்து ஒரே கட்டுரையாகத் தொகுத்திருந்தாள். அது ஏற்கப்பட்டால்தான் தைனானில் பல்கலைக்கழக வேலையில் அவளுக்கு அடுத்த ஆண்டும் நாற்காலி.

அச்சேறுமுன் கட்டுரையைச் சோதித்த இரு மதிப்பீட்டாளர்களில் முதலாமவர் ‘நன்று’ என்று எழுதிவிட்டுத் தூங்கப் போயிருக்க வேண்டும். இரண்டாமவருக்குத் தூக்கமே கிடையாது போலிருந்தது. பெயரை வெளியிடும் வழக்கம் இல்லை என்பதால் திட்டுவதற்குக்கூட ஆள் அகப்படவில்லை.

“மாத்திரை என்றால் பெயரும் அளவும் போதும். பல கூறுகள் பின்னிக் கிடக்கும் திட்டத்துக்கு அது போதாது. யார், எங்கே, எப்படி, எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் எழுதுவதுதான் விதிமுறை” என்று முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டார். அதிலும் ஓர் ஆய்வின் மேல்தான் கண். தைனானில் ஒரு கோயிலுக்குப் பின்னால் புதன்கிழமைதோறும் நடக்கும் வகுப்பு அது. மற்ற இடங்களில் பாதிப் பேர் நழுவிவிட, இங்கே சேர்ந்தவர் ஒருவரும் விலகவில்லை.

அந்த ஆய்வைச் செய்த மருத்துவரைக் கூப்பிட்டபோது, “உடற்பயிற்சிதாம்மா. அப்புறம் ஏதோ சாப்பிடக் குடுத்தாங்க” என்றார். யூவென் அதையும் ‘சிற்றுண்டி வழங்கப்பட்டது’ என்று சேர்த்து எழுதியிருந்தாள்.

“பேசாம விட்டிருக்கலாம்ல?” என்றாள் பக்கத்து மேசை பெய்லிங்.

“நேர்மையா இருப்போமேன்னு...”

“இப்ப அனுபவி.”

புதன்கிழமை யூவென் ஸ்கூட்டரில் நேரே கோயிலுக்குப் போனாள். பயிற்சி முடிந்ததும், அங்கே எல்லோருக்கும் சமைத்துப் போடும் ஆச்சுன் அத்தை பெரிய பானையைத் திறந்தாள். இஞ்சிப் பாகில் வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அதன்பின் மைக் வந்தது. முழங்கால் வலி என்று முனகிக்கொண்டிருந்தவர்கள் பாட்டுக்கு வரிசையில் நிற்கப் பாய்ந்தார்கள்.

“வாராவாரம் மைக்குக்கு இப்படித்தான் சண்டையா அத்தை?”

“அதுக்குத்தானே வர்றாங்க! காலைத் தூக்கு, கையை நீட்டுன்னா எவன் வருவான்?”

கிழங்கு, பாகு, பாட்டு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். எது எதனால் விளைகிறது என்று காட்டும் படத்தில் புதிய பெட்டிகளும் அம்புகளும் முளைத்தன. துறைத் தலைவி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, கிண்ணத்துல நூடுல்ஸ் கொட்டின மாதிரி?”

“அவர் கேட்டாரு மேடம்.”

“பெரிய மகான்தான். பச்சைத் தண்ணியைக்கூட அளந்து குடிப்பாரு போல.”

மூன்றாம் சுற்றும் வந்தது. “இஞ்சிக்கும் வெல்லத்துக்கும் என்ன விகிதம்? பாட்டுகள் பழையவையா? புதியவருக்கும் மைக் கிடைக்குமா? ஆண்களைச் சேர்த்துக்கொள்கிறார்களா? மனைவியை இழந்து தனியே இருப்பவர் முன்பின் தெரியாமல் போய் நின்றால் எப்படி வரவேற்கிறார்கள்?”

யூவென் மறுபடி ஸ்கூட்டரை எடுத்தாள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்ன ஆச்சுன் அத்தை, விகிதம் என்றதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“பெத்த மகளுக்கே சொல்லலடி.”

“என் வேலை போயிடும் அத்தை. வெளியாள் யாருக்கும் இல்ல, அறிவியலுக்கு மட்டும்தான். அச்சுல போடவேண்டாம்னு எழுதிடறேன்.”

அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காதருகே குனிந்தாள். “இஞ்சி மூணு பங்கு, வெல்லம் ஒரு பங்கு. அறிவியல்கிட்ட சொல்லிக்கோ. எதிர்வீட்டு மெய்ஃபெங்கிட்ட மட்டும் மூச்சு விடாத.”

‘அச்சுக்கு அல்ல’ என்று தலைப்பிட்டு யூவென் பதில் அனுப்பினாள். கூடவே, புதிதாக வருபவருக்குத்தான் முதல் பாட்டு என்றும், தனியே வருபவரை ஆச்சுன் அத்தை பானைக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துவிடுவாள் என்றும் சேர்த்திருந்தாள்.

இம்முறை கேள்வி எதுவும் வரவில்லை. ‘ஏற்கலாம். முழுத் திருப்தி’ என்று மட்டும் வந்தது. நாற்காலி பிழைத்தது.

அடுத்த புதன்கிழமை அன்னாசிக் கேக் பெட்டியோடு நன்றி சொல்லப் போனாள். உள்ளே யாரோ சுதி விலகி, ஆனால் ஆனந்தமாக, பாடிக்கொண்டிருந்தார். மெலிந்த உருவம், வெள்ளைத் தொப்பி, ஒரு கையில் மைக், மறு கையில் காலிக் கிண்ணம். முன்வரிசை முழுக்கத் தாளம் போட்டது.

“யாரு அத்தை, புதுசா?”

“தைபேல இருந்து ரயிலேறி வந்திருக்காராம், ரிட்டையர்டு வாத்தியாரு. சம்சாரம் போனப்புறம் இன்னிக்குத்தான் வாயைத் திறந்து பாடறேன்னு சொன்னாரு, பாவம்” என்ற ஆச்சுன் அத்தை, யூவெனின் காதைப் பிடித்து அருகில் இழுத்தாள். “அது இருக்கட்டும். கிண்ணத்தை வாங்கினதுமே ‘இஞ்சி மூணு, வெல்லம் ஒண்ணுதானே?’ன்னு கேக்கறாருடி. அறிவியல்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன்னியே, அது இவருதானா?”